வெப்பத் தகைப்பு சிமுலேஷன் கோணலாக விடை தந்தால் முதலில் எதைத் தொடுவது?

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி மில். நெல் அவிக்க உமியில் எரியும் பொயிலர். அதிலிருந்து அவிக்கும் தாங்கி வரைக்கும் ஒன்பது மீற்றர் நீளத்துக்கு நேராக ஓடும் இரண்டு அங்குல ஸ்டீம் பைப். முதலாளி இன்னொரு தாங்கி வைக்கப் போகிறார். புதுப் பைப்பையும் இப்படியே நேராக இழுக்கலாமா, இல்லை எங்காவது வளைவு வைக்க வேண்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி. என்னோடு வேலை பழகும் கல்முனைத் தம்பி, ஒலுவில் வளாகத்தில் பொறியியல் முடித்தவர், "அண்ண, முதல்ல பழைய பைப்பச் சிமுலேஷன்ல போட்டுப் பாப்பம்" என்றார். போட்டார். பைப் சுவரைத் தொடும் முனையில் தகைப்பு, அதாவது உலோகத்துக்குள் ஒவ்வொரு பரப்பலகும் தாங்கும் விசை, 880 மெகாபாஸ்கல் என்று சிவப்பாக நின்றது.

அந்த வகைப் பைப் உருக்கு 240 மெகாபாஸ்கலை அண்டியே நிரந்தரமாக நெளியத் தொடங்கிவிடும். விடை அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் பைப்போ எத்தனையோ பெரும்போகம், சிறுபோகம் கண்டு, கசிவு கூட இல்லாமல் அங்கேயே கிடக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் கை போகக்கூடிய இடங்கள் பல. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பைப்பைப் பிரிக்கும் சின்னத் துண்டுகளின் வலையை, சிறிதாக்கலாம். கையால் கணக்குப் போட்டு ஒப்பிடலாம். பிடிமானங்களைச் சந்தேகிக்கலாம். பொருளின் குணகங்களையும் அலகுகளையும் திரும்பப் பார்க்கலாம். வேறொரு மென்பொருளில் ஓட்டலாம். மில்லுக்கே போய் அளக்கலாம். எல்லாமே சரியான வேலைதான், எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றுக்குப் பத்து நிமிடம் போகும், இன்னொன்றுக்கு ஒரு கிழமை போகும். அதைவிட முக்கியம், சிலது விடை சொல்லும், சிலது இன்னொரு எண்ணை மட்டும் கொண்டுவந்து தரும்.

மெஷ்: எல்லோரும் முதலில் ஓடுகிற இடம்

தம்பியும் அங்கேதான் ஓடினார். அவருடைய வயதில் நானும் அப்படித்தான். அதில் ஒரு சுகம் இருக்கிறது: நாம் யோசிக்கத் தேவையில்லை, லப்டொப் யோசிக்கும். நான்கு மில்லிமீற்றர் மெஷ்ஷில் 880. இரண்டாக்கினால் 1,010. ஒன்றாக்கினால் 1,180, அதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, இடையில் ஒருமுறை கரண்டும் போனது.

இந்த மூன்று எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மெஷ் பெரிதாக இருந்ததுதான் குற்றம் என்றால், சிறிதாக்கச் சிறிதாக்க வித்தியாசம் குறைந்துகொண்டு வரவேண்டும். இங்கே முதல் பாய்ச்சல் 130, அடுத்தது 170. ஓரிடத்தில் அடங்கப் போவதில்லை. முழுதாக இறுக்கிப் பிடித்த முகத்தின் விளிம்பிலும், உள்நோக்கிய கூர்மூலையிலும், சாதாரண மீள்தன்மைக் கணக்கின்படி தகைப்புக்கு உச்சமே கிடையாது. மெஷ்ஷை அரை மில்லிமீற்றர் ஆக்கினால் அது இன்னும் மேலே போகும், அவ்வளவுதான். அதனால் மெஷ்ஷைத் தொடுவதென்றால் மூன்று அளவில் ஓட்டிப் போக்கைப் பார்க்க வேண்டும். ஒருமுறை சிறிதாக்கி, வந்த புது எண்ணை நம்புவதைவிடத் தொடாமலே விடலாம்.

மெஷ் உண்மையிலேயே குற்றவாளியாகிற இடங்கள் வேறு. நான்கு கணு (கணக்குப் போடும் புள்ளி) உள்ள எளிய நான்முகித் துண்டுகளால் மெஷ் போட்டால் அமைப்பு இருக்கவேண்டியதைவிட விறைப்பாகிவிடும். பத்துக் கணு உள்ளதற்கு மாறினாலே பாதி நோய் தீரும். இன்னொன்று, தகைப்புப் படத்தில் சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் சிவப்பு, அடுத்த கட்டம் நீலம் என்று வந்தால் அது பைப்பின் குணமல்ல. எளிய துண்டுக்குள் வெப்பநிலை சீராக ஏறி இறங்க முடியும், ஆனால் விகாரம் (நீள மாற்றத்தின் விகிதம்), இடப்பெயர்ச்சியின் சரிவு என்பதால், துண்டு முழுக்க ஒரே அளவாக நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாததால் வரும் சண்டை அது. வெப்பநிலை சரிவாக மாறும் இடங்களில்தான் இது தெரியும். சராசரி எடுத்து மழுப்பிய படத்தில் தெரியாது, ஆகவே மழுப்பாத படத்தையும் ஒருதரம் பாருங்கள்.

கைக்கணக்கு: ஒரு பிளேன்ரீ நேரம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவருக்கும் இது தெரியும். இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்த கோலைச் சூடாக்கினால் அதிலுள்ள தகைப்பு, பொருளின் விறைப்பைச் சொல்லும் யங்கின் மட்டு பெருக்கல் விரிகைத்திறன் பெருக்கல் வெப்பநிலை உயர்வு. உருக்குக்கு 200 கிகாபாஸ்கல், பாகைக்கு ஒரு மில்லியனில் 12 பங்கு. பெருக்கினால் ஒரு பாகைக்கு 2.4 மெகாபாஸ்கல். இந்த 2.4 ஐ மனதில் வைத்திருப்பவருக்குப் பாதி மென்பொருள் கையில் இருக்கிறது.

பொயிலர் மானியில் 6 பார். அந்த அமுக்கத்தில் நிரம்பிய நீராவி ஏறத்தாழ 165 பாகை செல்சியஸ். பைப் பொருத்தியபோது 30 பாகை என்று வைத்தால் உயர்வு 135. தகைப்பு 324 மெகாபாஸ்கல். பிடிக்காமல் விட்டால் ஒன்பது மீற்றர் பைப் 14.6 மில்லிமீற்றர் நீளும்.

தகடு போல இரண்டு திசையில் பிடித்தால் அந்த 324 ஐ 0.7 ஆல் வகுக்க வேண்டும், 463 வரும். மூன்று திசையிலும் அசையாமல் பிடித்தால் 0.4 ஆல் வகுக்க வேண்டும், 810. நம்முடைய 880 முழு அடைப்பையும் தாண்டிவிட்டது. அப்போதே தெரிந்துவிடுகிறது, வெறும் நீள்விரிவு இந்த எண்ணைத் தராது, முனையில் வேறொரு வேலை நடக்கிறது. பிளேன்ரீ ஆறுவதற்குள் கிடைத்த தகவல் இது. ஒரு பின்னேரம் தின்ற மெஷ் இதைச் சொல்லவில்லை.

ஆனால் கைக்கணக்கு எங்கே குற்றம் என்று காட்டாது. சத்தம் வருகிறது என்று சொல்லும், எந்த அறையிலிருந்து என்று சொல்லாது.

பிடியை விட்டுப் பார்ப்பது

ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்று என்னைக் கட்டிப்போட்டால் இதைத்தான் செய்வேன். எல்லாப் பிடிமானத்தையும் எடுத்துவிட்டு, உடல் பறந்துபோகாமல் இருக்கத் தேவையான ஆறு தடைகளை மட்டும் வையுங்கள்: ஒரு புள்ளியில் மூன்று திசை, இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. பிறகு உடல் முழுவதற்கும் ஒரே அளவு வெப்பம் கொடுங்கள். ஒரே பொருளால் ஆன உடல் என்றால் தகைப்பு பூச்சியமாக வரவேண்டும், நீளம் 14.6 மில்லிமீற்றர் கூடவேண்டும். இன்னும் ஒரு படி போகலாம்: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் மாறும் வெப்பநிலை கொடுத்தாலும், பிடி இல்லாத உடலில் தகைப்பு வரக்கூடாது. பைப் கோணலாகும், உருவம் மாறும், ஆனால் உள்ளே நோவு இராது.

பூச்சியம் வந்தால் மெஷ், பொருள், அலகு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. குற்றவாளி பிடிமானம். பூச்சியம் வராவிட்டால் பிடிமானத்தை விட்டுவிட்டு உள்ளே தேடுங்கள்: விரிகைத்திறன் வேறான இரண்டு துண்டுகள் பசைபோல ஒட்டியிருக்கலாம், ஒரு துண்டுக்கு ஆரம்ப வெப்பநிலை கொடுக்காமல் விட்டிருக்கலாம். பத்து நிமிடச் சோதனை வீட்டை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் தேடுவது என்று சொல்லிவிடுகிறது.

தம்பிக்குப் பூச்சியம் வந்தது. பிறகு பிடிமானத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தோம். பைப்பின் முனை முகத்தை எல்லாத் திசையிலும் இறுக்கியிருந்தார். பைப் நீளத்தில் மட்டுமல்ல, சுற்றளவிலும் பருக்கும். முனையில் மட்டும் பருக்கவிடாமல் பிடித்தால் அந்த இடத்தில் கழுத்தை நெரித்த மாதிரி சுவர் வளையும், தகைப்பு எகிறும். உண்மையில் அங்கே இருப்பது பிளாஞ்ச், போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடு. அதுவும் பைப்போடு சேர்ந்து சூடாகும், சேர்ந்தே பருக்கும். முனையை நீளத் திசையில் மட்டும் பிடித்து, ஆரத் திசையில் விட்டதும் 1,180 மறைந்து 324 வந்து நின்றது. மெஷ் எந்த அளவானாலும் 324.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கைக்கணக்கும் சிமுலேஷனும் ஒன்று சொல்கிறதே! எனக்கு மலரவில்லை. 324 உம் 240 ஐத் தாண்டித்தான் நிற்கிறது, பைப்போ நிம்மதியாகக் கிடக்கிறது.

குணகமும் அலகும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவாரசியமில்லாத வேலை, ஆனால் செய்யாமல் விடமுடியாது.

மில்லிமீற்றர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வேலை செய்பவர்களுக்கு வெப்பக் கடத்தாறு ஒரு பொறி. மீற்றர் முறையில் உருக்குக்கு 50 என்றால் மில்லிமீற்றர் முறையிலும் எண் 50 தான். அந்தத் தைரியத்தில் மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் குணகத்தையும் 10 என்றே விட்டுவிடுவார்கள். அது 0.01 ஆக வேண்டும். ஆயிரம் மடங்கு பிழை, பைப் ஐஸ்தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி குளிர்ந்து காட்டும். கதிர்வீச்சைச் சேர்த்தால் தனிப்பூச்சியம் எங்கே என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும், செல்சியஸை நாலாம் அடுக்குக்கு ஏற்றினால் வருவது வெறும் குப்பை.

மற்றது ஆரம்ப வெப்பநிலை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அன்சிஸ் மென்பொருள் 22 பாகை என்று எடுத்துக்கொள்ளும், கொம்சோல் 20 என்று எடுக்கும், சிலது பூச்சியத்தையே எடுக்கும். இவை குளிர் நாட்டு மனிதர்களின் மேசை வெப்பநிலை. நமக்குத் தேவை பைப்பின் கடைசி ஒட்டை வெல்ட் பண்ணி இறுக்கிய நேரத்து வெப்பநிலை. ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும் மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே இறுக்கிய பைப் 38 பாகையில் பிறந்திருக்கும். மார்கழி விடியலில் இறுக்கியது 25 இல். பதின்மூன்று பாகை வித்தியாசம், 31 மெகாபாஸ்கல். பூச்சியம் என்று விட்டால் 30 பாகைக்கு 72 மெகாபாஸ்கல் சும்மா ஏறும். இது பார்க்கத் தகுந்த பிழைதான், ஆனால் 1,180 க்குக் காரணம் இதுவல்ல. பிழையின் அளவு எவ்வளவு என்று பார்த்தே எதைத் தேடுவது என்று முடிவெடுக்கலாம்: பத்து வீதம் பிசகினால் குணகத்தைப் பாருங்கள், மூன்று மடங்கு பிசகினால் பிடிமானத்தை, ஆயிரம் மடங்கு என்றால் அலகை.

காலையில் வால்வைத் திறந்து பைப் சூடாகும் அந்த முதல் நிமிடத்தைக் கணக்கிடுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல். 28 பாகையில் தொடங்கிய பைப்பில் ஒரு மூலை 25 பாகை என்று காட்டினால் பதற வேண்டாம். சூடாகிற பொருள் தன் ஆரம்பத்தைவிடக் குளிராது. மெஷ்ஷுக்கு ஒவ்வாத அளவு சின்ன நேரப்படி, அதாவது கணக்கு ஒரு தாவலில் தாண்டும் நேரம், வைத்திருக்கிறீர்கள். அடர்த்தி, தன்வெப்பம், துண்டு அளவின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, கடத்தாற்றின் ஆறு மடங்கால் வகுத்தால் வருவதே கீழ் எல்லை. உருக்கில் ஐந்து மில்லிமீற்றர் துண்டுக்கு அது 0.3 செக்கன் அளவில் வரும். அதைவிடச் சின்னப்படி வேண்டுமென்றால் மெஷ்ஷும் சிறிதாக வேண்டும்.

வேறு மென்பொருள்

கல்குலிக்ஸ் மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் செய்து பார்ப்போமா என்று தம்பி கேட்டார். ஒரு கிழமை வேலை. அதே பிடிமானத்தை அதே கையால் போட்டால் அங்கேயும் அதே பிழைதான் வரும், பிறகு இரண்டு சாட்சி சொல்கிறதே என்று நம்பிக்கை வேறு கூடிவிடும். அந்தப் பாதையை நான் கடைசியில் வைப்பேன், பெரும்பாலும் போகவே மாட்டேன். விதிவிலக்கு ஒன்று: மாதிரியைப் பார்க்காத வேறொருவர், வரைபடத்திலிருந்து புதிதாகக் கட்டினால், அதற்குப் பெறுமதி உண்டு. பெறுமதி மென்பொருளுக்கல்ல, இரண்டாவது ஆளுக்கு.

மில்லுக்குப் போவது

மட்டக்களப்பிலிருந்து சம்மாந்துறைக்கு மோட்டார்சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஒரு நாள் உழைப்பு போய்விடும். அதனாலேயே இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நானும் தள்ளினேன், அது என் பிழை.

கொண்டுபோனது அகச்சிவப்பு வெப்பமானி, அடிமட்டம், சோக்குக்கட்டி. விகாரமானி ஒட்டும் ஆசை தம்பிக்கு இருந்தது. 165 பாகையில் மானியே தன் பங்குக்கு விரிந்து பொய் சொல்லும், அதைத் திருத்துவது தனிக் கணக்கு, முதலாளியின் கேள்விக்கு அவ்வளவு தேவையில்லை என்று தடுத்துவிட்டேன். வெப்பமானியைப் பைப்பின் அலுமினிய உறையில் காட்டினால் பளபளப்பினால் குறைத்துக் காட்டும். உறை இல்லாத இடத்தில் மங்கலான கறுப்புப் பூச்சு அடித்து அங்கே பார்த்தோம், 160 ஐச் சுற்றி நின்றது. நாங்கள் எடுத்த 165 பிழையில்லை.

பொயிலர் பார்க்கிற காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) உமி தள்ளிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "என்ன தம்பி தேடுறீங்க?"

பைப் சூடானால் என்ன செய்யும் என்று பார்க்கிறோம் என்றேன்.

"இதப் பாக்கவா வந்த நீங்க? பைப்பு ஒவ்வொரு நாளும் வில்லு மாதிரி வளையும்தானே. நெருப்பு அணைஞ்சா மறுகா நேராகிரும். உங்கட கொம்பியூட்டர்ல அது வரல்லியா?"

வரவில்லை. வராது. நேர்கோட்டுக் கணக்கு பைப்பை நேராகவே வைத்து நசுக்கும். ஒன்பது மீற்றர் நீளம், ஆறு சென்றிமீற்றர் வெளிவிட்டம், அது ஈர்க்கில். இரண்டு முனையும் இறுக்கிய அந்த அளவுப் பைப் 39 மெகாபாஸ்கல் அமுக்கத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்துவிடும் என்று ஒய்லரின் பழைய சூத்திரம் சொல்கிறது. வெப்பநிலையில் சொன்னால் வெறும் 16 பாகை உயர்வு. 324 ஐ அந்தப் பைப் ஒருநாளும் கண்டதில்லை, அதற்கு முன்னமே வளைந்து தப்பிவிடுகிறது. வெயிலில் தண்டவாளம் நெளிவதும் இதே கணக்கில்தான். கூரையிலிருந்து தொங்கும் கம்பிகள் நிறையைத் தாங்கும், பக்கவாட்டில் பிடிக்காது, அதனால் அவையும் தடுக்கவில்லை.

நான் கைக்கணக்கிலேயே இதைப் போட்டிருக்க வேண்டும். நீளத்தையும் விட்டத்தையும் பார்த்த உடனே தோன்றியிருக்க வேண்டும். தகைப்பிலேயே கண் நின்றதால் உருவம் கண்ணில் படவில்லை.

சுவர்ப் பிடியில் சோக்கால் கோடு போட்டு அடுத்த நாள் காலை நெருப்பு மூட்டும் வரை இருந்தோம். போல்ட் ஓட்டை தேய்ந்து நீளமாகியிருந்தது, பிடி 11 மில்லிமீற்றர் நகர்ந்தது. நடுவில் பைப் பக்கவாட்டில் எட்டுச் சென்றிமீற்றர், காக்காவின் நாலு விரல். 14.6 இல் 11 ஐப் பிடி விழுங்க, மிச்சம் மூன்றரை மில்லிமீற்றர்தான் நசுங்கலும் வளைவுமாகப் போயிருக்கிறது. அவ்வளவு சின்ன மிச்சம் எட்டுச் சென்றிமீற்றர் வளைவாகத் தெரிவது தம்பிக்கு நம்ப முடியாமல் இருந்தது. நீளமான பைப்பில் அப்படித்தான், நீளத்தில் சிறுகக் கூடினாலும் பக்கத்தில் பெருகத் தெரியும்.

திரும்பி வந்து மாதிரியில் மூன்று மாற்றம் செய்தார். சுவர்ப் பிடி 11 மில்லிமீற்றர் நகர விட்டார். பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் முறையைப் போட்டார். பைப் நடுவில் இரண்டு மில்லிமீற்றர் கோணலை ஆரம்பத்திலேயே வைத்தார், முற்றிலும் நேரான பைப் கணக்கில் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நின்றுவிடும் என்பதால். வளைவு எட்டுச் சென்றிமீற்றரை அண்டி வந்தது. தகைப்பு அமுக்கமும் வளைவும் சேர்ந்து 160 ஐச் சுற்றி. பைப் ஏன் நிம்மதியாகக் கிடக்கிறது என்பதற்கு அதுதான் விடை. ஆனால் அந்த நிம்மதி, தேய்ந்த போல்ட் ஓட்டையின் தயவு. புதிதாகப் பொருத்தும் பிடியில் அப்படி ஓட்டை இராது.

ஆக அடுத்த முறை நான் போகும் ஒழுங்கு இது: கைக்கணக்கு, அதில் சாய்வுக் கணக்கையும் சேர்த்து. பிறகு பிடியை விட்டுப் பார்க்கும் சோதனை. பிறகு, மெஷ்ஷைத் தொடுவதற்கு முன்னமே, அந்தப் பொருளோடு தினம் வாழும் ஆளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அளவெடுக்கும் பயணம் அந்த அழைப்பில் என்ன கேட்டது என்பதைப் பொறுத்தது. மெஷ் அதன் பிறகு. குணகங்களை இடையில் எப்போதாவது ஒருதரம். நுண்ணிய பாகங்களைச் செய்பவர்களுக்கு, மின்சுற்றுப் பலகையில் ஒட்டும் ஈயம் மாதிரியான வேலைகளுக்கு, இந்த ஒழுங்கு பொருந்தாது. அங்கே பொருளின் குணகம்தான் முதலில், கேட்பதற்குக் காக்காவும் இல்லை.

முதலாளிக்கு விடை: நேர் பைப் வேண்டாம், செங்கோண வளைவு. அதே 14.6 மில்லிமீற்றர் விரிவை 100 மெகாபாஸ்கலுக்குள் விழுங்க, வளைவுக்குப் பிறகு வரும் கால் 2.3 மீற்றராவது இருக்க வேண்டும் என்று கைக்கணக்கு. சிமுலேஷனும் அதையே ஒட்டிச் சொன்னது. காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் தாங்கிக்கும் சுவருக்கும் இடையே அடியெடுத்து அளந்தார். 2.3 மீற்றருக்கு மேல் வெற்றிடம் ஒரே பக்கத்தில்தான் இருந்தது, உமி குவிக்கிற பக்கம்.

"காக்கா," என்று கூப்பிட்டார், "இந்த உமியெல்லாம் அங்கால தள்ளோணும்."

காக்கா எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.